மறுத்தவர்கள் எழுதிய மூன்று கடிதங்கள்

சில நாட்களுக்கு முன் வகுப்பிலே முதலாம் உலகப் போரைப் பற்றி நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பின் வாங்கிலிருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, “பட்டாளத்தில் இருக்கிறவன், ‘கடல் கடந்து போய்ச் சண்டை செய்ய மாட்டேன்’ என்று சொன்னால் அவனை என்ன செய்வார்கள், சேர்?” என்று கேட்டான். நாம் வாய் திறப்பதற்கு முன்னே அவனுக்குப் பக்கத்திலிருந்தவன், “சுட்டுப்போடுவார்கள்” என்று பதிலிறுத்துவிட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. மணியும் அடித்துவிட்டது.

அந்தப் பதில் முழுப் பிழையன்று, முழு உண்மையுமன்று. அன்று சொல்லாமல் விட்ட விடையை இவ்வாரம் இங்கே எழுத எண்ணினோம். வீட்டிலே தந்தையும் தாயும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து படிக்கும் பக்கமாதலின், இதைப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

1914ஆம் ஆண்டு போர் தொடங்கியபோது இங்கிலாந்தின் படையில் விரும்பிச் சேர்ந்தவர்களே இருந்தார்கள். ஒன்றரை ஆண்டிற்குள் விரும்பி வருவோர் தொகை போதாமற் போயிற்று. 1916ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அச்சட்டத்திலே ஒரு சிறு வாயில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. மனச்சாட்சி காரணமாகப் போர் செய்ய இயலாது என்பவர், தம் ஊரிலுள்ள நடுமன்றத்தில் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம் என்பதே அது.

வாயில் இருந்தது, ஆனால் அதன் வழியே நுழைவது எளிதாயிருக்கவில்லை. நடுமன்றங்களில் ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருந்தார்கள். விண்ணப்பத்தை எதிர்த்து வாதிப்பதற்கு இராணுவத்தின் பிரதிநிதி ஒருவரும் அங்கே இருந்தார். “ஜெர்மானியன் ஒருவன் உன் தாயைத் தாக்க வந்தால் நீ என்ன செய்வாய்?” என்பது வருவோர் பலரிடமும் கேட்கப்பட்ட வினா. முழு விலக்குப் பெற்றவர் மிகச் சிலரே. பலருக்குக் கிடைத்தது அரை விலக்கு: துப்பாக்கி ஏந்த வேண்டியதில்லை, ஆனால் சீருடை அணிந்து, போரிடாப் படை என்னும் பிரிவிற் சேர்ந்து, மூட்டை சுமக்கவும் பாதை போடவும் வேண்டும். ‘நாம் சுமக்கும் மூட்டை இன்னொருவன் கையிலுள்ள துப்பாக்கிக்குத் துணையாகும்’ என்று கருதியவர்கள் அதையும் மறுத்தார்கள். போர்க்காலம் முழுவதிலும் இங்கிலாந்தில் இவ்வாறு மனச்சாட்சியை முன்வைத்து விலக்குக் கோரியவர் ஏறக்குறைய 16,000 பேர். அவர்களுள் ஏறக்குறைய 6,000 பேர் சிறை சென்றார்கள்.

சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஏற்கெனவே படைவீரர்கள். நீதவான் முன் நிறுத்தி அபராதம் விதித்து, இராணுவத்தின் கையில் ஒப்படைத்துவிட்டால், அதன்பின் அதிகாரி இடும் கட்டளைக்குக் கீழ்ப்படியாமை இராணுவக் குற்றமாகிவிடும். இவ்விடத்தில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இங்கிலாந்து மண்ணில் நின்றுகொண்டு ‘மாட்டேன்’ என்று சொன்னவனுக்குக் கிடைப்பது சிறைத்தண்டனை. போர் நடைபெறும் பிரான்சு மண்ணில், பகைவருக்கு எதிரே நிற்கும் படையில், அதே ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு விதிக்கக்கூடியது மரண தண்டனை. மனிதனும் அவனே, சொல்லும் அதுவே. இடையிலே கிடப்பது சில மணி நேரத்தில் கடக்கக்கூடிய ஒரு சிறு கடல். அந்தக் கடலை அவன் தானாகக் கடப்பதில்லை, கடத்திக்கொண்டு போகிறார்கள்.

1916ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்தது அதுதான். ஹாரிச்சுத் துறைமுகக் கோட்டையில் அடைபட்டிருந்த மறுப்பாளர் குழுவொன்றை இராணுவத்தார் புகையிரதத்தில் ஏற்றிப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். வீட்டாருக்கு அறிவித்தல் இல்லை. புகையிரதம் லண்டன் மாநகரினூடாகச் சென்றபோது, உள்ளேயிருந்த ஒருவர் துண்டுக் கடிதம் ஒன்றை எழுதிச் சாளரத்தினூடாக வெளியே எறிந்தார். இது நாம் சொல்ல வந்த மூன்று கடிதங்களுள் முதலாவது.

வழியிற் கிடந்த ஒரு காகிதத் துண்டை யார் குனிந்து எடுத்தார்களோ, அவர் பெயர் வரலாற்றில் இல்லை. ஆனால் அது கட்டாய சேவையை எதிர்த்தவர்களின் சங்கத்திற்குச் சென்று சேர்ந்தது. அச்சங்கத்தார் உடனே பாராளுமன்ற அங்கத்தவர்களிடம் ஓடினார்கள். மே 11ஆம் திகதி பிரதம மந்திரி அஸ்குவித்தை ஒரு தூதுக்குழு சென்று கண்டது. தத்துவஞானி பேர்ட்றண்ட் றசல் அக்குழுவில் இருந்தார். மறுப்பாளர் எவரையும் மந்திரி சபையின் சம்மதமின்றிச் சுடலாகாது என்று பிரதம மந்திரி தளபதி ஹேக்குக்கு அறிவித்தார். மே 25ஆம் திகதி வெளியான இராணுவக் கட்டளையொன்று, மனச்சாட்சி காரணமாகக் குற்றஞ்செய்த வீரரை இராணுவச் சிறையிலன்றிப் பொதுச் சிறையில் வைக்க வேண்டுமென்று விதித்தது.

இதனோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மேலிடத்துக் கட்டளைக்கும் கீழிடத்து நடப்பிற்கும் உள்ள தூரம் நம்மவர் அறியாததன்று. மே 29ஆம் திகதி, அதாவது அக்கட்டளை பிறந்த நான்காம் நாள், வட இங்கிலாந்திலுள்ள றிச்மண்ட் கோட்டையிலிருந்து இன்னும் பதினாறு பேரைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றார்கள்.

அப்பதினாறு பேரும் எப்படிப்பட்டவர்கள்? நோர்மன் கோடி என்பவர் உதைபந்தாட்ட வீரர். சண்டர்லாந்துக் கழகத்தின் இரண்டாம் அணியில் ஆடியவர். பேர்ட் புறொக்கிள்ஸ்பி என்பவர் யோர்க்ஷயரைச் சேர்ந்த பள்ளிக்கூட ஆசிரியர். மெதடிஸ்த திருச்சபையிற் பிரசங்கமும் செய்பவர். இவர் ஆசிரியர் என்பதனால் இவரிடம் நமக்குத் தனிப் பற்றுண்டு என்பதை மறைப்பானேன்? இவருடைய உடன்பிறந்தவரான பிலிப், அதே போரில் இராணுவ அதிகாரியாகப் பணியாற்றினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் துப்பாக்கியுடனும் ஒருவர் விலங்குடனும் ஒரே நாட்டில் நின்றார்கள். அந்த வீட்டில் இருவருக்காகவும் ஏங்கியிருப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

புறொக்கிள்ஸ்பி எழுதியது நமது இரண்டாவது கடிதம். போர்க்களத்திலிருந்த வீரர்களுக்கு அக்காலத்தில் அச்சிட்ட தபாலட்டை ஒன்று கொடுப்பார்கள். ‘நான் சுகமாயிருக்கிறேன்’, ‘வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டுள்ளேன்’, ‘உமது கடிதம் வெகு நாளாக வரவில்லை’ என்றிவ்வாறு வாக்கியங்கள் அதில் வரிசையாக இருக்கும். வேண்டாதவற்றை அடித்துவிட்டு அனுப்ப வேண்டும். ஒரு சொல்லேனும் சேர்த்து எழுதினால் அட்டை அழிக்கப்படும். புறொக்கிள்ஸ்பி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அச்சிலிருந்த வாக்கியங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எழுத்துக்களை மட்டும் அடியாமல் விட்டார். எஞ்சிய எழுத்துக்களைக் கூட்டி வாசித்தால், ‘பூலோனுக்கு அனுப்பப்படுகிறேன்’ என்ற செய்தி வந்தது. பூலோன் என்பது பிரான்சின் துறைமுகப் பட்டினம். தணிக்கை அதிகாரியின் கண்ணுக்குத் தப்பி அட்டை இங்கிலாந்து சென்றது. எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாதிருந்தவர்களின் இருப்பிடம் அதனால் வெளியாயிற்று.

பிரான்சிலே அவர்கள் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்வோம். பாணும் தண்ணீரும் உணவு, கைவிலங்கு, இருட்டறை. இவற்றோடு ‘முதலாம் இலக்கப் போர்க்களத் தண்டனை’ என்று ஒன்று இருந்தது. குற்றவாளியை ஒரு கம்பத்திலோ வண்டிச் சக்கரத்திலோ வேலியிலோ அசையாதபடி கட்டிவைப்பார்கள். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். நான்கு நாட்களில் மூன்று நாட்கள். மொத்தம் இருபத்தொரு நாட்கள் என்பது சட்டம் வகுத்த எல்லை. சிலுவையில் அறைவது போலிருந்ததால் வீரர்களே அதற்குச் ‘சிலுவைத் தண்டனை’ என்று பெயரிட்டிருந்தார்கள். 1923ஆம் ஆண்டிலேயே இது ஒழிக்கப்பட்டது.

ஜூன் மாதம் 15ஆம் திகதி பூலோனுக்கு அருகே ஹென்றிவில் முகாமில் படைகளை அணிவகுத்து நிறுத்தினார்கள். நால்வர் முன்னே அழைத்து வரப்பட்டார்கள். அவர்களுள் முதல்வர் ஹவாட் மாட்டின். வங்கியொன்றில் லிகிதராக இருந்தவர். அதிகாரி தீர்ப்பை உரக்க வாசித்தார். குற்றம் இன்னதென்று சொல்லி, சுட்டுக் கொல்லப்படுவதாகிய மரண தண்டனை விதிக்கப்பட்டது என்றார். அங்கே சற்று நிறுத்தினார். பின்பு, தளபதி ஹேக் அத்தண்டனையை உறுதிப்படுத்தினார் என்றார். மீண்டும் நிறுத்தினார். கடைசியாக, அது பத்து ஆண்டுக் கடூழியச் சிறையாகக் குறைக்கப்பட்டுள்ளது என்று முடித்தார்.

அந்த இரு நிறுத்தங்களுக்கும் இடையில் அந்நால்வரின் உள்ளத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். வாசித்த தாள் ஒன்றுதான். அதன் கடைசி வரியை முதலில் வாசித்திருக்கலாம். அப்படி வாசிக்கவில்லை, நின்றுகொண்டிருந்த ஏனைய படைவீரர்களும் கேட்க வேண்டும் என்பதே நோக்கம். அடுத்து வந்த நாட்களிற் றிச்மண்ட் பதினாறு பேர் உட்பட மொத்தம் முப்பத்தைந்து பேருக்கு இவ்வாறே தீர்ப்புக் கூறப்பட்டது. ஒருவரேனும் சுடப்படவில்லை.

‘அப்படியானால் சுடுவோம் என்றது வெறும் பயமுறுத்தல்தானே’ என்று சொல்லிவிடலாகாது. அதே போரில், அதே படையில், ஓடிப்போதல், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட வீரர் பலர். அவர்களுள் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டிலே, ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, பிரித்தானிய அரசு சட்டமியற்றி மன்னிப்பு வழங்கியது. குண்டுச் சத்தத்தில் மனங்கலங்கியவர்கள், வயது நிரம்பாமலே பெயர் கொடுத்தவர்கள், வழி தவறியவர்கள் எல்லாரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் கொள்கை பேசியவர்களல்லர். லண்டனிலே அவர்களுக்காக ஓடுவதற்குச் சங்கமில்லை. பிரதம மந்திரியிடம் செல்வதற்குத் தத்துவஞானி இல்லை. அவர்களிடமிருந்து துண்டுக் கடிதம் எதுவும் வெளியே விழவில்லை.

இவ்விரு சாராரையும் பக்கம் பக்கமாக வைத்து நோக்கும்போது நமக்குத் தோன்றுவது இதுதான்: முப்பத்தைந்து பேரைக் காப்பாற்றியது அவர்களுடைய கொள்கையின் உயர்வு மட்டுமன்று, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை நாடு அறிந்திருந்ததும் ஆகும். ஒருவருங் காணாத இடத்தில் தண்டனை கூர்மை பெறுகிறது. பலருங் காணும்போது அதன் கை நடுங்குகிறது.

மூன்றாவது கடிதம் இன்னுந் தொலைவிலிருந்து வந்தது. நியூசிலாந்தும் 1916ஆம் ஆண்டிற் கட்டாய சேவைச் சட்டம் கொண்டுவந்தது. போரை விலக்கும் கோட்பாடுடைய சில சமயக் குழுக்களைச் சேர்ந்தவருக்கு மட்டுமே அங்கு மனச்சாட்சி விலக்கு. ஆச்சிபோல்ட் பாக்ஸ்ரர் என்னும் விவசாயி எந்தக் குழுவிலுஞ் சேராதவர். ஆயினும் எந்தப் போரும் தவறென்று உறுதியாக நம்பியவர். 1917ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவரையும் அவருடைய சகோதரர் இருவரையும் சேர்த்துப் பதினான்கு மறுப்பாளரைக் கப்பலேற்றி உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். உடையைக் களைந்து சீருடையை வலிந்து மாட்டினார்கள். பதினால்வருட் சிலர் வழியிலே தளர்ந்து, காயப்பட்டோரைச் சுமக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களை நாம் குறை கூறோம். அவ்வளவு தூரம் தாங்கியதே அரிது. இறுதிவரை எதற்கும் இணங்காது நின்றவர் இருவர்: பாக்ஸ்ரரும் மார்க் பிறிக்ஸும்.

1918ஆம் ஆண்டு பெப்ரவரியில், பெல்ஜியத்தில், கடுங்குளிரிற் பாக்ஸ்ரரைச் சாய்ந்த கம்பமொன்றிற் கைகளைப் பின்புறமாக இறுக்கிக் கட்டினார்கள். பிறிக்ஸ் போர்முனைக்கு நடக்க மறுத்தபோது, அவர் உடலிற் கயிறு கட்டிப் பலகைப் பாதை நெடுகிலும் இழுத்துச் சென்று, குண்டு வீழ்ந்த குழிகளிற் தேங்கிய நீரிலே தள்ளினார்கள். அவர் முதுகு தோலுரிந்து போயிற்று.

மார்ச்சு மாதம் பாக்ஸ்ரர் தம் பெற்றோருக்குச் சிறு கடிதம் ஒன்று எழுதினார். மறுநாள் போர்முனைக்குக் கொண்டு செல்லப்படவிருப்பதாகவும், தம் மனம் முன்போலவே இருப்பதாகவும் அதிற் குறிப்பிட்டார். தாம் படையிற் சேவை செய்ததாகவோ, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகவோ செய்தி வந்தால், தெளிந்த புத்தியோடு அதைச் செய்ததாக நம்ப வேண்டாம் என்றும் எழுதினார். பெற்ற தாய் தந்தையருக்குப் பிள்ளை எழுதக்கூடிய கடிதங்களில் இதனினுங் கொடியது வேறு யாது? ஆனால் அதனினும் அன்புடையதும் வேறு யாது? தம் பெயருக்குப் பின்னாளிற் பொய்யாக ஏதேனும் சாட்டப்பட்டால், அதனாற் பெற்றோர் மனம் உடையலாகாது என்று முன்கூட்டியே காவல் வைத்தார் அவர்.

அக்கடிதத்தின் பிரதிகள் நியூசிலாந்திற் கைமாறிக் கைமாறிச் சென்றன. கன்ரபறிக் கல்லூரியின் பேராசிரியர் ஒருவருடைய மகளான மிலிசென்ற் பிறவுண் என்னும் பெண்மணி அதைப் படித்தார். அதுவரை அவர் கொண்டிருந்த கருத்துக்கள் மாறின. கடிதம் எழுதியவரைத் தேடிச் சென்று கண்டார். 1921ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்தனர். நியூசிலாந்தின் பெருங்கவிஞருள் ஒருவரான ஜேம்ஸ் பாக்ஸ்ரர் இவர்களுடைய மைந்தர்.

பாக்ஸ்ரரை இராணுவ வைத்தியர்கள் சித்தங்கலங்கியவர் என்று எழுதி, 1918ஆம் ஆண்டிலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இணங்காத ஒருவனை வணங்க வைக்க முடியாதபோது, அவனைப் பித்தன் என்பது அதிகாரத்திற்கு எளிதான வழி. 1939ஆம் ஆண்டில் அவர் தம் அனுபவங்களை நூலாக எழுதி வெளியிட்டார். பிறிக்ஸ் 1936ஆம் ஆண்டில் நியூசிலாந்துச் சட்டசபையின் மேற்சபைக்கு அங்கத்தவராக நியமிக்கப்பட்டார். கயிறு கட்டி இழுத்த அதே நாடு ஆசனமும் கொடுத்தது.

எல்லாருக்கும் அத்தகைய முடிவு வாய்க்கவில்லை. பிரான்சிலிருந்து திரும்பிய ஆங்கிலேயருட் பலர் ஸ்கொத்லாந்தில் டைஸ் என்னுமிடத்திலே கூடாரங்களில் தங்கிக் கருங்கல் உடைத்தார்கள். மழையும் சேறும் நிறைந்த அம்முகாமில் வோல்ற்றர் றொபேட்ஸ் என்னும் மறுப்பாளர் 1916ஆம் ஆண்டு செப்டெம்பரில் நோயுற்று இறந்தார். புறொக்கிள்ஸ்பி போன்றோர் அவ்வேலையையும் மறுத்துச் சிறைக்கே மீண்டார்கள். போர் 1918 நவம்பரில் முடிந்தபோதிலும், 1919 ஏப்ரில் வரை அவர்களுக்கு விடுதலை தொடங்கவில்லை. வெளியே வந்தவர்களுக்கு ஐந்தாண்டுகள் வாக்குரிமை இல்லை. நியூசிலாந்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பத்தாண்டுகள் குடியுரிமைகளை இழந்தனர். வேலை கேட்டுச் சென்ற இடமெல்லாம் கதவு மூடிற்று. இராணுவம் கொடுத்த தண்டனைக்கு எல்லை இருந்தது. அயலார் கொடுத்த தண்டனைக்கு எல்லை இருக்கவில்லை.

மறுபுறத்தையும் நாம் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஹென்றிவில் முகாமில் அத்தீர்ப்பு வாசிக்கப்பட்டுப் பதினாறு நாட்களின் பின், ஜூலை முதலாந் திகதி, சொம் நதிக்கரையிற் பெருஞ் சமர் மூண்டது. அந்த ஒரு நாளில் மட்டும் பிரித்தானியப் படையில் 19,240 பேர் மாண்டனர். அவர்களுடைய தாய்மார், ‘என் மகன் போனான், உன் மகன் ஏன் போகவில்லை?’ என்று கேட்டிருந்தால் அவ்வினாவைத் தவறென்று யார் சொல்லத் துணிவார்? கட்டளை விருப்பப்படி ஏற்கப்படுமாயின் படை என்று ஒன்று இராது என்று தளபதிகள் சொல்வதும் பொருளற்ற வாதமன்று. மறுத்தவர்களும் இவ்வினாக்களை அறிந்தேயிருந்தார்கள். சாவதற்கு அவர்கள் அஞ்சவில்லை என்பதை ஜூன் 15ஆம் திகதி காட்டியது. கொல்லுவதற்கே அஞ்சினார்கள்.

அவர்கள் பட்ட பாடு வீண்போகவில்லை. 1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் வந்தபோது இங்கிலாந்து மீண்டும் கட்டாய சேவையைக் கொண்டுவந்தது. அம்முறை நீதிபதிகளின் தலைமையில் நடுமன்றங்கள் இயங்கின. ஏறக்குறைய 60,000 பேர் மறுப்பாளராகப் பதிந்தார்கள். அவர்களுள் எவருக்கும் மரண தண்டனை விதிக்கப்படவில்லை. 1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணைக்குழு, மனச்சாட்சி காரணமாக இராணுவ சேவையை மறுப்பது மனிதனுடைய உரிமைகளுள் அடங்கும் என்று தீர்மானித்தது.

எனினும், விரும்பிப் படையிற் சேர்ந்த ஒருவர் ஒரு குறிப்பிட்ட போருக்கு மட்டும் போக மறுத்தால் வழி இன்னும் இறுக்கமானதே. 2005ஆம் ஆண்டிலே பிரித்தானிய விமானப்படை வைத்தியரான மல்கம் கெண்டல் ஸ்மித் என்பவர் ஈராக்கிற்குப் போக மறுத்தார். ஈராக்கிய சேவையை முன்னரே அறிந்தவர் அவர். எல்லாப் போரையும் வெறுத்தவரல்லர். அந்தப் போர் சட்டத்திற்கு மாறானது என்பதே அவர் வாதம். இராணுவ நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கட்டளை பிறந்ததா, அதற்குக் கீழ்ப்படிந்தாரா என்பதே அங்கு எழுந்த வினா. எட்டு மாதச் சிறையும் பணிநீக்கமும் அவருக்குக் கிடைத்தன. கம்பம் போயிற்று, துப்பாக்கி போயிற்று, வினா மட்டும் மாறவில்லை.

ஆகவே, பின் வாங்கு மாணாக்கனுக்கு நாம் சொல்லும் விடை இது. மறுத்தவனைச் சுட்டதும் உண்டு. சுடுவதாகச் சொல்லிவிட்டு விட்டதும் உண்டு. கட்டிவைத்ததும், கல்லுடைக்க விட்டதும், பித்தன் என்றதும் உண்டு. எது நேரும் என்பதை அவனுடைய குற்றம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவன் எந்தக் கரையில் நிற்கிறான், யார் அவனைக் காண்கிறார்கள் என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

றிச்மண்ட் கோட்டையின் சிறையறைகளில் அடைபட்டவர்கள் பென்சிலால் எழுதியவை சுண்ணாம்புச் சுவர்களில் நூறாண்டு கடந்தும் எஞ்சி நின்றன. சுவர் காத்துத் தந்தது ஒரு பகுதி. புகையிரதப் பாதையோரத்திற் கிடந்த காகிதத்தை, ‘நமக்கென்ன’ என்று போகாமற் குனிந்தெடுத்து உரியவரிடஞ் சேர்த்த அந்தப் பெயரறியா மனிதர் காத்துத் தந்தது மறுபகுதி. போருக்குப் போவதா மறுப்பதா என்ற வினா நம் மாணவர் எல்லாருக்கும் வாழ்வில் வருமென்று சொல்ல முடியாது. வழியிற் கிடக்கும் கடிதம் ஒன்று எவருடைய காலடியிலும் ஒரு நாள் வந்து விழலாம்.